மாமாவின் வாய்ப்புண்ணும் அம்மாவின் பத்தியமும்

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டோம், இனி கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைக்கிற வயதில் இருக்கும் என் சோட்டுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு மூச்சு சரியாக வருவதில்லை. கதிர்வீச்சு சிகிச்சை முடிந்துவிட்டது. வாய்ப்புண்ணும் ஆறி வருகிறது. பலித்ததா என்று பார்க்கும் ஸ்கேன் மட்டும் பாக்கி.

சிகிச்சை நடந்த வாரங்களில் போன் வராத நாள் இல்லை. கற்றாழைச் சாறு கொடு என்பார் ஒருவர். மணத்தக்காளியை மென்று துப்பச் சொல் என்பார் இன்னொருவர். தயிரை நிறுத்து, முட்டையை நிறுத்து, உப்பைக் குறை என்று கடைசியில் எல்லாரும் ஒரு பட்டியல் படிப்பார்கள். அந்த 'நிறுத்து' என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிடுவேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் கழிந்த ஒரு கோடை விடுமுறையைச் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாளே அதிகம். அம்மாவின் தம்பி, என் மாமா, நாமக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர். ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடப் போய், வடக்கே பேர் தெரியாத ஊர்களில் எல்லாம் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவார். வரும்போது அவருக்கு முன்னால் அவர் சிரிப்பு வீட்டுக்குள் வரும். அதற்குப் பின்னால் புகையிலை வாசனை வரும்.

அந்த வருடம் சிரிப்பு வரவில்லை. கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, புற்றுக்கட்டி என்று சொல்லி, "கரண்ட் வைக்கணும்" என்றார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் அதுதான் பேச்சு. தினமும் போய்வர வேண்டும் என்பதால் மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மாமாவின் கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். அது அழியக் கூடாதாம். பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க மாமன் மேல கையக் கிய்ய வெச்சிராத, கரண்டு இருக்கும்" என்றாள். நான் இரண்டு நாள் அவரைத் தொடாமல் ஒதுங்கி நடந்தேன். மாமா கண்டுபிடித்துவிட்டார். என் கையைப் பிடித்து வெடுக்கென்று உதறி, ஷாக் அடித்தவர் போலக் கண்ணை உருட்டினார். நான் கத்திய கத்தலில் அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கோடையில் அதுதான் கடைசி.

அடுத்தடுத்த வாரங்களில் வாய் வெந்துபோனது. வேறு சொல் தெரியவில்லை. நாக்கு சிவந்து, ஓரமெல்லாம் வெள்ளை படர்ந்து, உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேச முடியாது. வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரை விரலால் சுண்டுவார். பின்னால் யார்டில் கூட்ஸ் பெட்டிகளைக் கோக்கும் சத்தத்துக்கு நடுவே அந்த 'டிங்' கேட்குமா என்று அத்தை காதைத் தீட்டிக்கொண்டே வேலை செய்வாள். எச்சில் வற்றிவிட்டது. ஒருநாள் ஒவ்வொரு சொல்லாக என்னிடம் சொன்னார்: "ஏனம்மணி, ஊரூருக்கும் தண்ணி எடுத்துக் குடுத்தவன் நானு. இப்பப் பாரு, முழுங்க எச்சித் தண்ணி இல்ல."

அம்மா சும்மா இருக்கவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் மணத்தக்காளி மண்டிக் கிடக்கும். என்னை அனுப்பிப் பறித்துவரச் சொல்வாள். கீரைத் தண்ணீரில் தேங்காய்ப்பால் விட்டு ஆறவைத்துக் கொடுப்பாள். மாமா ஒரு வாய் வைப்பார், கண்ணில் நீர் முட்டும், டம்ளரைத் தள்ளிவிடுவார். ஆஸ்பத்திரியிலோ ஒவ்வொரு வாரமும் எடை பார்த்தார்கள். "எடை குறையுது. இப்படியே போனா கரண்ட்டை நிறுத்தும்படி ஆகிடும். பால், முட்டை, நெய், எது உள்ளே போகுதோ அதைக் கொடுங்க" என்று நர்ஸம்மா சொன்னதாக அத்தை வந்து சொன்னாள். கரண்ட் நின்றால் கட்டி மறுபடி வளரும். இது எனக்கே தெரிந்திருந்தது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசினால்தான் பிள்ளைகளுக்கு நன்றாகக் காது கேட்கும்.

அம்மா சேந்தமங்கலத்து வைத்தியரைப் பார்க்கக் கிளம்பினாள். எனக்கு முன்பு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி கொடுத்தவர் அவர்தான். என்னையும் கூட்டிக்கொண்டு ராசிபுரத்தில் பஸ் மாறிப் போனாள். கொல்லிமலை வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. வைத்தியர் வீட்டு முன்னறையில் சாக்குச் சாக்காக வேர்களும் காய்களும். மூக்கை அறுக்கும் வாசனை. அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் முதலில் இரண்டு கையையும் விரித்தார்.

"கட்டிய நான் தொடமாட்டேனுங்க. அது ஆஸ்பத்திரிக்காரங்க வேல. அத நடுவுல விட்டுறாதீங்க. புண்ணு எரிச்சலுக்கு மட்டும் கொப்பளிக்கத் தாரேன்."

கடுக்காய்த் தோல், மாசிக்காய், அதிமதுரம் எல்லாம் இடித்து ஒரு பொடி கொடுத்தார். கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது.

"பத்தியமுங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லீங்க. வாய்க்கு எது ஆகுதோ அதக் குடுங்க."

அம்மா தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்தபடி தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். "பாவம், நம்ம மூஞ்சியப் பாத்து இரக்கப்பட்டுச் சொல்றாரு. பத்தியம் இல்லாம மருந்து எங்கயாச்சும் இருக்குதா? உனக்குக் காமாலைக்கு உப்பில்லாம எத்தன நாள் போட்டேன். அதுலதான எந்திரிச்ச."

"இல்லைன்னுதானம்மா அவரு சொன்னாரு" என்றேன்.

"உனக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா? நாமளாப் பாத்து இருந்துக்கோணும். மருந்துக்கு மரியாத வேண்டாமா?"

இதை ஒளிவுமறைவாக அவள் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் அப்படியே சொன்னாள். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். டூட்டி முடிந்து வந்த அப்பாகூட, "அதும் சரிதான்" என்றார். மாமாவும் கண்ணை மூடித் திறந்தார். உப்பு, புளி, மிளகாய், தயிர், முட்டை, தேங்காய், நெய் எல்லாம் நின்றன. குழையவிட்ட பச்சரிசிக் கஞ்சி மட்டும், வெறுமனே. நர்ஸம்மா சொன்னது? அது கரண்ட்டுக்குச் சொன்னது, இது வாய்க்கு என்று அம்மா இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. திட்டுவார்கள் என்று பயம்.

மருந்து கேட்டது. அதுதான் வினை. பழுப்பு நிறத் தண்ணீர், முதலில் துவர்க்கும், பின்னால் மெல்ல இனிக்கும். நான் திருட்டுத்தனமாக நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கொப்பளித்த பிறகு கொஞ்ச நேரம் எரிச்சல் அடங்கியிருக்கும். மாமா அரை வாக்கியம், முக்கால் வாக்கியம் பேச ஆரம்பித்தார். "பாத்தீங்களா, பத்தியத்தோட பலன்" என்று அம்மா குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வாய் கொஞ்சம் திறந்த அந்த நேரத்தில்தான் அவருக்கு நல்லதாக நாலு வாய் போயிருக்க வேண்டும். நாங்கள் உப்பில்லாத கஞ்சியை நீட்டிக்கொண்டிருந்தோம். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டார். பிறகு பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். உடம்பு தேறிய பிறகு வரச் சொன்னார்கள். அத்தை அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கோ அதில் ஒரு நிம்மதி. "நல்லதாப் போச்சு. சூடு தணியட்டும்" என்றாள். இப்படி நடுவில் இடைவெளி விழுவது எவ்வளவு ஆபத்து என்று என் மகளின் டாக்டர் படம் போட்டு விளக்கியபோது, அம்மாவின் அந்த நிம்மதியான முகம்தான் எனக்கு எதிரே நின்றது.

கரண்ட் நின்றதும் வாய் இன்னும் ஆறியது. மாமா ஒருநாள் சாயங்காலம் என்னை ரயில் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினார். ரயிலடிக்குப் போகவில்லை. டவுன் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடை. மாமா அங்கே நின்று, "ஒரு ஆப்பாயிலுங்க. காரம் வேண்டாம். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா" என்றார்.

"மாமா, பத்தியம்" என்றேன்.

"கரண்ட்டுல சாக மாட்டன் அம்மணி. உங்கம்மா கஞ்சியிலதான் செத்துருவேன். பேசாம நில்லு."

முட்டையை ஸ்பூனால் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். அவ்வளவு நாள் ஏங்கிய உப்பு. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து கடைக்காரரைப் பார்த்தார்.

"உப்புப் போடலைங்களா?"

"ஏனுங்க, கேட்டீங்கன்னு ரெண்டு வாட்டி போட்டனேங்க."

மாமா தட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் உப்பைக் கேட்டு வாங்கித் தூவி இன்னொரு வாய் வைத்தார். பிறகு தட்டில் இருந்ததை முழுதும் சாப்பிட்டார். கரண்ட் நாக்கின் ருசியைக் கொண்டுபோய்விடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியில் மட்டும் சொன்னார்: "உங்கம்மா கேட்டா, உப்பில்லாமத்தான் சாப்புட்டேன்னு சத்தியமே பண்ணலாம் போலிருக்குது."

ருசி இல்லாவிட்டாலும் தினமும் போனார். ஒரு முட்டை, இரண்டு முட்டை, ஒரு நாள் பால். எடை ஏறியது. ஆஸ்பத்திரியில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார்கள். அம்மா அதையும் பத்தியத்தின் கணக்கில் எழுதிக்கொண்டாள். அப்புறம் ஒருநாள், மண்ணெண்ணெய் வாங்க வந்தவள் எங்களைத் தள்ளுவண்டி முன்னால் பார்த்துவிட்டாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையில் இருந்த டின்னைக் கீழே வைத்தாள். "பத்தியத்த முறிச்சுட்டயா தம்பி? முறிஞ்சா மருந்து விசமாப் போயிருமே, தெரியாதா உனக்கு?"

வீட்டுக்கு வந்ததும் கொதிக்கவைத்து வைத்திருந்த மருந்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். மிச்சப் பொடியையும் கொட்டினாள். கோபத்தில் செய்தாள் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது என் மகளுக்கு ஒரு மாத்திரையைக் கொடுக்கும் முன் அட்டையை நாலு தடவை திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அது பயம். தன் கையால் தம்பிக்கு விஷம் கொடுத்துவிடுவோமோ என்ற பயம்.

கரண்ட் மறுபடி ஆரம்பித்தது. கொப்பளிக்க மருந்து இல்லை. வாய் பழையபடி வெந்தது, பழையதைவிட மோசமாக. இப்போது முட்டையும் இறங்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. டம்ளர் சத்தம்கூட நின்றுவிட்டது. மாமா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். இன்னொரு தடவை நிறுத்தினால் பிறகு ஆரம்பிப்பதில் பயனில்லை என்று டாக்டர் அத்தையிடம் சொல்லிவிட்டார்.

அத்தை அதிகம் பேசாதவள். அம்மா எதிரில் நிமிர்ந்துகூட நிற்க மாட்டாள். மறுநாள் காலையில் தலையை வாரிக்கொண்டு, "அண்ணி, ஊட்டுக்குப் போயி மாத்துத் துணி எடுத்துட்டு வாரேனுங்க. புள்ளயத் தொணைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். ராசிபுரத்தில் இறங்கியதும் என் தோளைத் தொட்டு, "அந்த வைத்தியரு ஊட்டுக்கு வழி தெரியுமா கண்ணு?" என்றாள்.

வைத்தியர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "பத்தியம் முறிஞ்சு போச்சுங்க. இனி அந்த மருந்து குடுத்தா விசமாயிருமுங்களா?" என்று கேட்டாள்.

வைத்தியர் பொடி டப்பாவை எடுத்தார். "நான்தான் பத்தியமே சொல்லலயே சாமி. இல்லாத பத்தியம் எப்படி முறியும்? நாலு வாய் உள்ள போகட்டும்னுதான் வாய்க்கே மருந்து. பட்டினி போடறதுக்கு எதுக்குங்க மருந்து?" பொடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "நான் சொன்னேன்னு இத அப்படியே போயி உங்க அண்ணிகிட்டச் சொல்லுங்க" என்றார்.

திரும்பும்போது அத்தை பொட்டலத்தை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். சேலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

"அப்படியே சொன்னா உங்கம்மா நம்பாது. அன்னைக்கே அவரு சொன்னத நம்பலியே. நான் ஒண்ணு சொல்றேன். நீ தலைய மட்டும் ஆட்டு."

வீட்டுக்குள் நுழைந்ததும் பொட்டலத்தை அம்மா முன்னால் வைத்தாள். நான் கேட்டிராத குரலில், கணீரென்று பேசினாள்.

"சேந்தமங்கலம்தானுங்க அண்ணி போனேன். உங்ககிட்டச் சொல்லாமப் போனது தப்புத்தான். வைத்தியரு கணக்குப் பாத்தாருங்க. மொத சுத்து மருந்துக்குப் பத்தியம் சரியா முடிஞ்சு போச்சாம். நீங்க அத்தன கட்டா இருந்ததுனாலதான் சீக்கிரமே முடிஞ்சுதாம். முட்ட தின்னது அதுக்கு அப்பறம்தானாம். ஒண்ணும் முறியலையாம். இது ரெண்டாஞ் சுத்து. இதுக்குப் பத்தியமே கெடையாதாமுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"நெசமா முடிஞ்சுதுன்னாரா?"

"முடிஞ்சுதுன்னுதானுங்க சொன்னாரு."

"உப்பு?"

"போடலாமாம்."

"நெய்யி?"

"நெறையப் போடச் சொன்னாரு."

"முட்ட?"

"அத மொதல்ல குடுக்கச் சொன்னாருங்க."

அம்மா எழுந்து அடுக்களைக்குள் போனாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அழுதாளா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. பிறகு அங்கிருந்தே, "அடுப்பப் பத்த வெக்க இன்னும் என்ன பாத்துட்டு நிக்கிறீங்க?" என்று ஒரு சத்தம். அம்மா அவ்வளவு வேகமாகச் சமைத்து நான் பார்த்ததில்லை. ஒரு அடுப்பில் மருந்து கொதித்தது. மற்றதில் கஞ்சி, அதில் நெய்யை விட்டாள், முட்டையை உடைத்து அடித்து ஊற்றினாள், உப்பைப் போட்டாள். டப்பாவை மூடினாள், திரும்பவும் திறந்து இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். விடுதலை கிடைத்தவள் போல இருந்தாள். அவளாகப் பிடித்த பத்தியம். அவளால் விட முடியவில்லை. வேறு யாராவது வந்து விடச் சொல்ல வேண்டியிருந்தது.

மாமாவை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொப்பளிக்கச் சொன்னார்கள். கொஞ்சம் பொறுத்து, அம்மா ஸ்பூனால் ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கழுத்து நரம்பு புடைக்கும்; கஞ்சி உள்ளே இறங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் எங்கள் எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தோம்.

"உப்புச் சரியா இருக்குதா தம்பி?" என்றாள் அம்மா.

ருசியே தெரியாத மாமா அவளைப் பார்த்தார். "சரியா இருக்குதக்கா" என்றார்.

கரண்ட் மறுபடி நிற்கவில்லை. முழுதும் முடிந்தது. மாமா பல வருடம் இருந்தார். ரிக் வண்டிக்குத் திரும்பிப் போகவில்லை. கழுத்து ஒரு பக்கம் இறுகிவிட்டது, சோற்றுக்கு நடுவே தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார், ஆனால் சாப்பிட்டார். பத்தியம்தான் தம்பியைக் காப்பாற்றியது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. மூன்று பேரும் இப்போது இல்லை.

என் மகள் விஷயத்தில் எதையும் மறைக்காமல் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்து, என்னென்ன சேர்ந்தது என்று கேட்டுவிட்டு, "கொப்பளிக்கட்டும். விழுங்க வேண்டாம். எரிஞ்சா நிறுத்திடுங்க. சாப்பாட்டை மட்டும் எதுக்காகவும் குறைக்காதீங்க" என்றார். அப்படியே செய்தோம். அவளுக்கு அது ஓரளவு கேட்டது. சில நாள் கேட்கவில்லை. மருந்தும் சாப்பாடும் சண்டை போடாமல் சிகிச்சை முடிந்தது. நான் படித்தவள், முறையாகத்தான் எல்லாம் செய்திருக்கிறேன்.

இருந்தும் உட்கார முடியவில்லை. ஸ்கேன் எடுக்க இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டுமாம். உள்ளே வீக்கம் வடிய வேண்டுமாம். டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார். அவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவரிடம் குறையில்லை. மகள் பக்கத்து அறையில் போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஏதாவது ஒரு சாக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "ஏம்மா இப்படிப் பாக்கறே?" என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன்.

யாராவது ஒருவர் எனக்காக எங்கேயோ பஸ் ஏறிப் போய்விட்டு வந்து, படியேறும்போதே, "கணக்குப் பாத்தாச்சு, எல்லாம் முடிஞ்சுதுங்க" என்று கணீரென்று சொன்னால், யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.